வண்டியைத் தூக்குகிறார்கள்

மஹிந்திரா தாரை டெலிவரி எடுத்து, டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் ஈரம் காயும் முன்பே டயர் கடைக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கோவையிலும் சென்னையிலும் இந்த வேலைக்கென்றே இயங்கும் கடைகளில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, முப்பத்திமூணு போட்டா ரெண்டு இன்ச் லிஃப்ட் போதுமா?"

முப்பத்திமூன்று என்பது டயரின் மொத்த உயரம், இன்ச் கணக்கில். லிஃப்ட் என்பது சஸ்பென்ஷனை உயர்த்தி, சேஸியையும் பாடியையும் ஆக்சிலிலிருந்து இன்னும் மேலே தள்ளிவிடுவது. கடைக்காரர் "தாராளமா போதும்" என்பார். அவருக்கு அது வியாபாரம். அந்த முப்பத்திமூன்றும் இந்த இரண்டும் வண்டியில் வெவ்வேறு வேலை செய்கின்றன என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தால், பாதிப் பேர் இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். மீதிப் பேர் அழகுக்காகச் செய்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெரிய டயரில் நிமிர்ந்து நிற்கும் தார் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் டயர். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மூன்று கதவுத் தாரில் ஏஎக்ஸ் வகைக்கு 245/75 ஆர்16, எல்எக்ஸ் வகைக்கு 255/65 ஆர்18 என்ற அளவுகளை நிறுவனம் கொடுத்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், இன்ச்சில். 245-ல் 75 சதவீதம் என்றால் 184 சொச்சம். ரிம்முக்கு மேலும் கீழுமாகச் சேர்த்து 367.5. அதோடு ரிம்மின் 406.4-ஐக் கூட்டினால் 774 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட முப்பதரை இன்ச். கடையில் முப்பத்திமூன்று என்று சொல்லி விற்கப்படும் 285/70 ஆர்17 இதே கணக்கில் 831 மில்லிமீட்டர். வித்தியாசம் 57.

தரைக்கும் வண்டிக்கும் இடையில் கூடுவது அதில் பாதிதான், 28 மில்லிமீட்டர். மிச்சப் பாதி ஆக்சிலுக்கு மேற்புறமாக, மட்கார்டை நோக்கி ஏறுகிறது. ஒன்றரை விரல் தடிமன் உயரத்துக்காக ஐந்து டயர், ஐந்து ரிம் என்று லட்சத்தைத் தாண்டிச் செலவழிக்கிறார்கள்.

ஆனாலும் கரடுமுரடான பாதையில் அந்த 28 மில்லிமீட்டருக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. காரணத்தை வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தால் புரியும். தாரின் பின்பக்கம் ஒரே துண்டாக ஓடும் ஆக்சில். அதன் நடுவில் டிஃப்ரன்ஷியல் உருண்டு தொங்குகிறது. தடங்களுக்கு நடுவே துருத்தி நிற்கும் பாறையில் முதலில் மோதக்கூடியது அதுதான். சக்கரத்தின் மையத்தோடு பிணைந்திருப்பதால், இரண்டு இன்ச் லிஃப்ட் போட்டாலும் ஆறு இன்ச் போட்டாலும் டிஃப்ரன்ஷியல் மயிரிழைகூட மேலே வராது. டயர் பெரிதானால்தான் அது உயரும். சேஸி, எரிபொருள் டேங்க், கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, பம்பர் இவையெல்லாம் லிஃப்டில் உயரும்.

அப்படியானால் லிஃப்டால் என்ன பயன்? கோணங்கள். தாருக்கு நிறுவனம் சொல்லும் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். முன் பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய கோணம் 41.8 டிகிரி, பின்பக்கம் 36.8, வயிறு தட்டாமல் ஒரு மேட்டைத் தாண்டக்கூடிய கோணம் 27. இந்த மூன்றில் பலவீனமானது 27. ஓடைக்கரையில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது நடுவயிறு தட்டி நிற்கிற வண்டிக்கு லிஃப்ட் உதவும். இரண்டு தடத்துக்கும் நடுவே கல் நிற்கிற எஸ்டேட் பாதைக்கு உதவாது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் ஓட்டுகிற பாதை இரண்டாவது ரகம்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள். இடம் தேனி மாவட்டம், வண்டிப் பாதை இடுக்கி வழியாக. விடியலுக்கு முன்பே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கல்லும் குழியுமான அந்தப் பாதையில் வரிசையாக ஏறுகிறவற்றில் நிறைய பழைய மஹிந்திரா கமாண்டரும் மேஜரும்தான். பட்டை ஸ்பிரிங், மெலிந்த டயர். லிஃப்ட் கிட் என்ற பேச்சே இல்லை. லோ கியர் இருக்கிறது, வண்டி எடை குறைவு, எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்பது டிரைவருக்கு மனப்பாடம். லட்ச ரூபாய் டயர் போட்ட வண்டி பின்னால் நின்று வழி கேட்பதும் அங்கே நடக்கும்.

அளவைக் கூட்டுவதற்கு முன் ரகத்தை மாற்றலாம். கடைகளில் மூன்று எழுத்துச் சோடிகள் புழங்குகின்றன. எச்டி தார்ச்சாலைக்கு, எம்டி சேற்றுக்கு, ஏடி இரண்டுக்கும் நடுவில். பிஎஃப்குட்ரிச் நிறுவனம் 1976-ல் ஆல் டெரெய்ன் டயரைக் கொண்டுவந்த பிறகு அந்த நடு ரகம் தனிச் சந்தையாகவே வளர்ந்துவிட்டது. எம்டி டயரின் கட்டைகள் பெரியவை, இடைவெளி அகலமானது. சேறு அதில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். அதே இடைவெளிதான் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினால் ஓயாமல் ஊளையிடுகிறது, மழை பெய்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது பிடிமானத்தைக் குறைக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அவிநாசி ரோட்டில் ஓடி, மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மண்ணைத் தொடுகிற வண்டிக்கு எம்டி போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அது இலவசம் என்பதால் இருக்கலாம். சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் டயரை, தேரி மணல் மாதிரிப் பொலபொலவென்று இருக்கும் இடத்தில் 18 வரை இறக்கினால் தரையில் படியும் பகுதி நீளவாக்கில் வளர்கிறது; புதைந்துகொண்டிருந்த வண்டி மேலே மிதந்து நகரும். கல் பாதையிலும் 22, 24-க்கு இறக்கினால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு ஏறும், குலுக்கலும் குறையும். இதற்கு உயரமான பக்கச்சுவர் வேண்டும். அதனால்தான் 18 இன்ச் ரிம் உள்ள எல்எக்ஸ் வாங்கியவர்களில் விவரமானவர்கள் 16 அல்லது 17 இன்ச் ரிம்முக்கு இறங்குகிறார்கள். வெளியே பார்த்தால் டயர் உயரம் ஏறத்தாழ அதேதான், ரப்பர் அதிகம், இரும்பு குறைவு. காற்றை இறக்கினால் திருப்பத்தில் வேகம் கூடாது, ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற வண்டியிலேயே கம்ப்ரசர் வேண்டும். ஒரு நல்ல அளவுமானியும் கம்ப்ரசரும் வாங்குகிற காசில் ஒரு டயர்கூட வராது. செய்கிற வேலை ஐந்து டயருக்குச் சமம்.

இனி லிஃப்ட். மலிவானது ஸ்பேசர். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு அலுமினிய அல்லது பாலியூரித்தேன் வளையத்தை வைத்து வண்டியை உயர்த்துவது. அரை நாளில் முடிந்துவிடும். ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாததால், சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத்தான் ஸ்பேசர் தின்கிறது. குழியில் சக்கரம் இறங்கித் தரையைத் தொட வேண்டிய நேரத்தில் அந்தரத்தில் நிற்கும். ஆக, ஆஃப்ரோடுக்காகச் செய்த மாற்றமே ஆஃப்ரோடில் காலை வாரிவிடுகிறது. ஸ்பிரிங்கையும் ஷாக்ஸையும் சேர்த்து மாற்றும் கிட் விலை அதிகம், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்தவை. இன்னொன்று பாடி லிஃப்ட், சேஸிக்கும் பாடிக்கும் நடுவே கட்டை கொடுத்துத் தூக்குவது. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

தாரின் முன்பக்கம் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன், டபுள் விஷ்போன் அமைப்பு. எஞ்சின் பக்கமிருந்து சக்கரத்துக்கு வரும் டிரைவ் ஷாஃப்ட், லிஃப்ட் போட்டால் இன்னும் சாய்வாகத் தொங்கும். கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் லிஃப்ட் போட்ட தார் ஒன்று மேலே ஏற்றி நிறுத்தப்பட்டு, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மெக்கானிக் முன்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். ஷாஃப்ட் நுனியில் இருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் மேல்புறம் வரும்போது ஒன்றோடொன்று உரசி நசுங்கின, கீழ்ப்புறம் விரிந்து இழுபட்டன. ஒரு மடிப்பின் உச்சியில் நகக்கீறல் அளவு வெடிப்பு. அதற்கு நேராக ரிம்மின் உள்சுவரில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்த கோடு. "இப்பவே மாத்தினா நூத்துக்கணக்குல முடியுமுங்க. கவனிக்காம ஓட்டி மண்ணு உள்ள போச்சுன்னா ஷாஃப்டையே மாத்தோணும்" என்றார். வண்டிக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, லிஃப்டைக் குறைத்தால் டயர் உரசுமா என்று. உரசும். அதுதான் சிக்கல்: டயருக்காக லிஃப்ட், லிஃப்டுக்காக சஸ்பென்ஷனில் புது மேல் கை, அதற்காக மறுபடி அலைன்மென்ட் என்று வேலை நீண்டுகொண்டே போகிறது.

2023 ஜூனில் வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியின் கதை வேறு. அதில் முன்னும் பின்னும் ஒரே துண்டு ஆக்சில், காயில் ஸ்பிரிங். ஷாஃப்ட் பூட் இப்படி இழுபடும் தொல்லை இல்லாததால் லிஃப்ட் போடச் சுலபமான வண்டி என்ற பெயர் அதற்கு உண்டு. சுலபம்தான், போட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் வரை. முன் ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் நீளமான கைகள், சேஸி உயர உயரக் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அதோடு சேர்ந்து ஆக்சிலும் கொஞ்சம் புரண்டு கொடுக்கிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் அது நேராக ஓட ஒரு காரணம். அந்தச் சாய்வு ஜிம்னியில் குறைந்துபோகிறது. மெக்கானிக்குகள் இதைக் காஸ்டர் போச்சு என்பார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, வண்டி லேனுக்குள் அலையும். இதைச் சரிசெய்ய மையம் விலகிய புஷ்கள் இருக்கின்றன. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பன்ஹார்டு ராடும் சாய்வதால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். நீளத்தைத் திருத்தக்கூடிய ராடு போட்டால் அது நடுவுக்கு வரும். இவற்றைச் சொல்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டிவிடுகிற கடை மலிவாகத்தான் பில் போடும்.

எது போட்டாலும் கடையை விட்டு வெளியே வரும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். சமதளத்தில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்துவிட்டு "உரசல" என்று சொல்வது போதாது. ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கிய நிலையில் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். டயரின் தோளில் சாக்பீஸ் பூசிவிட்டு இதைச் செய்தால், எங்கெல்லாம் தட்டுகிறதோ அங்கெல்லாம் வெள்ளைத் தடம் விழும். பிளாஸ்டிக் லைனரில் விழுந்தால் வெட்டிச் சரிசெய்யலாம். பிரேக் ஓஸ் பக்கமோ, சேஸியிலோ, சஸ்பென்ஷன் கையிலோ விழுந்தால் அந்த டயர் அந்த வண்டிக்குப் பெரியது. ரிம்மை வெளியே தள்ளி வைக்கும் ஆஃப்செட்டில் மாற்றிச் சமாளிப்பார்கள். அப்போது வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், சேறு கதவு முழுக்கத் தெறிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் இன்னும் உண்டு. 774-லிருந்து 831-க்குப் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 7 சதவீதத்துக்குச் சற்று மேல் அதிகத் தூரம் ஓடுகிறது. மீட்டருக்கு அது தெரியாது. பழைய டயரில் காட்டிய அதே 100-ல் இப்போது ஏழு கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது வண்டி 10,700-ஐத் தாண்டியிருக்கும். ஆயில் மாற்றும் கணக்கை அதற்கேற்ப முன்னால் இழுக்க வேண்டும். எல்லாக் கியரும் அதே 7 சதவீதம் தளர்ந்துவிடும். 300 நியூட்டன் மீட்டர் இழுவை உள்ள டீசல் தார் இதைத் தாங்கிக்கொள்ளும். 134 நியூட்டன் மீட்டர் உள்ள ஜிம்னியில் 195/80 ஆர்15-ஐக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டால், விட்டம் 693-லிருந்து 733-க்கு ஏறும். ஊட்டி மலைப்பாதையில் மூன்றாவது கியரில் போன இடத்துக்கெல்லாம் இரண்டாவது கேட்கும். பிரேக்குக்கும் இதே கதைதான். டிஸ்க் மாறவில்லை, சக்கரத்தின் நெம்புதூரமும் எடையும் கூடிவிட்டன. ஒவ்வொரு சக்கரத்திலும் ஐந்து கிலோவுக்கு மேல் கூடுவது சாதாரணம். இதையெல்லாம் தாண்டி, லிஃப்ட் போட்ட அன்றிரவே ஹெட்லைட்டின் ஒளிக்கோணத்தை இறக்கிவைப்பது எதிரே வருகிறவருக்குச் செய்கிற மரியாதை. பத்தில் ஒருவராவது செய்கிறாரா, சந்தேகம்தான்.

கவிழும் அபாயத்தைப் பற்றி எல்லோரும் பொத்தாம்பொதுவாகப் பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கால் வகுத்தால் வருகிற விகிதம்தான் வண்டியின் நிலைப்புக்கு எளிய அளவுகோல். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கவிழும் அபாயத்துக்கு நட்சத்திரம் கொடுக்க இதைத்தான் அடிப்படையாக வைத்தது. கணக்கு வசதிக்காக அகலம் 1520 மில்லிமீட்டர், எடை மையம் 700 உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 1.09. பெரிய டயரும் இரண்டு இன்ச் லிஃப்டும் சேர்ந்து எடை மையத்தை 70 மில்லிமீட்டர் தூக்கினால் அது 0.99. ஒன்பது சதவீதம் போய்விட்டது. கூரையில் டெண்ட், ஜெர்ரிகேன், இன்னொரு ஸ்டெப்னி என்று ஏற்றினால் இன்னும் இறங்கும். நாய் குறுக்கே ஓடி, ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்கிற அந்த ஒரு நொடியில்தான் இந்த ஒன்பது சதவீதம் தேவைப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து வந்த மேல்முறையீட்டில், 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஆர்.சி.யில் டயர் அளவு எழுதியில்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சோதனைச் சாவடியில் அந்த வாதம் சில நேரம் எடுபடலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, நிறுவனம் கொடுக்காத ஸ்பிரிங்கைப் படம் எடுக்கும்போது எடுபடும் என்று நம்புவதற்கில்லை. காப்பு வனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பதற்கும் இடமில்லை. அனுமதியின்றி உள்ளே போவதே குற்றம். தனியார் நிலத்தில் பயிற்சித் தடங்கள் இருக்கின்றன, போட்டிகள் நடக்கின்றன. அங்கே போய் முதலில் கம்பெனி டயரிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் நல்லது. வண்டி எங்கே தட்டுகிறது என்று தெரிந்த பிறகு எதை மாற்றுவது என்று முடிவெடுக்கலாம்.

என்னைக் கேட்டால் தாருக்கு அதே மாடலின் இன்னொரு வகைக்கு நிறுவனமே தருகிற அளவில் நல்ல ஏடி டயர், வயிற்றுக்கு இரும்புத் தகடு, கம்ப்ரசர், இழுக்கும் பட்டை. அதற்கு மேல் போகத்தான் வேண்டும் என்கிறவர்கள் ஐந்தாவது டயரையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு பெரிய டயரை மாட்டிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விடுவது பட்டறைகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி. பஞ்சரான இடத்தில் அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலைப் போட்டால், ஒரு சக்கரம் மட்டும் வேறு வேகத்தில் சுற்றி, டிஃப்ரன்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஸ்டெப்னியையும் பெரிதாக்கினால் அந்த எடை முழுவதும் பின்கதவின் கீல்களில் தொங்கும். கதவைப் பாதி திறந்து, ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், கீலுக்கு முட்டுக்கொடுக்கும் பிராக்கெட்டைப் போட்ட பிறகுதான் புது டயரை அதில் மாட்ட வேண்டும்.